மாசி வெயிலில் மூன்று ஜோடி சாக்ஸ்

என் மாமனாரின் கால் குளிர்ந்துபோனதற்குக் காரணம் மலைக்குளிர் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. மூன்று நாள் நம்பினேன், நாளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வீதம் மூன்று ஜோடி போட்டு நம்பினேன். போடிக்கு இறக்கிக்கொண்டு வந்து ஒரு பகல் வெயிலில் வைத்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்து சுக்குக் காப்பி கேட்பார் என்று, ஐம்பத்திரண்டு வயதில், விவரமான ஆள் என்று ஊரில் பேரும் வாங்கிய பிறகு, நம்பினேன்.

என்னை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? போடிக்காரர்களுக்கு மலை என்றால் இரண்டுதான். ஒன்று ஏலக்காய், இன்னொன்று குளிர். மலைக்குப் போய்வந்தவனுக்குச் சளி பிடித்தால் குளிர். முதுகு பிடித்தாலும் குளிர். மேலே வேலைக்குப் போனவன் மலையாளத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால்கூட, ‘என்ன செய்ய, குளிரு’ என்றுதான் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, குளிர்ந்த காலைப் பார்த்து நான் வேறு எதை நினைப்பேன்?

மாமனாருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. வயிற்றில் கட்டி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி வைத்தியம் என்று செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். வீடு என்றதும் நான் போடியில் இருக்கும் எங்கள் வீட்டை நினைத்தேன். அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், தன் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டை நினைத்தார். நினைத்ததை நடத்தியும் காட்டினார். என் மனைவி மூன்று வாரம் அவரோடு மேலேயே இருந்தாள். வாரம் ஒருமுறை மலையாளத்து சிஸ்டர் ஒருவர் வீடு தேடி வந்து, புண் வராமல் உடம்பைத் திருப்பிப் பார்த்து, வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் மகளுக்குப் பரீட்சை நெருங்கியபோது மனைவி ஒரு வாரத்துக்குக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. முறை மாற்ற நான் மேலே போனேன்.

ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“எங்கம்மா போகும்போது, நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்குன்னு போன்லயே சொல்லிச் சொல்லி, நான் வந்து பாக்குறப்ப மாலையோட கெடந்துச்சு. அப்பாவுக்கு அப்படி ஆகக்கூடாது. கடைசியில நான் பக்கத்துல இருக்கணும். எதாச்சும் மாறுச்சுன்னா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வெளையாட்டு வேணாம்.”

“நான் என்னைக்கு வெளையாடியிருக்கேன்?” என்றேன்.

இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் இன்னொரு காலையும் ஜீப்புக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே மாமனாரின் கால் விரல்கள் சில்லென்று இருந்தன. முதல் ஜோடி சாக்ஸ். கஞ்சி இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டார். மலைத் தண்ணீர் பசியைக் கெடுத்துவிடும் என்று முடிவு செய்தேன். மலைத் தண்ணீர் குடித்தால் கல்லும் செரிக்கும் என்று அதற்கு முன் நூறு பேரிடம் சொன்னவனும் நானேதான்.

இரண்டாம் நாள் காலை கணுக்கால் வரை குளிர்ச்சி ஏறியிருந்தது. இரண்டாவது ஜோடி. பகல் முழுக்கத் தூங்கினார். எழுப்பினால் கண்ணைத் திறந்து, என்னை யாரோ தெரிந்தவன் மாதிரி பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மூடுபனி அப்படித்தான் ஆளை அசத்தும் என்றேன். மாசி மாதம். பனி காலை எட்டு மணிக்கே விலகிவிட்டிருந்தது. அது தூங்குகிறவருக்குத் தெரியாதே.

சாயங்காலம் திடீரென்று தெளிவான குரலில் வாசலைப் பார்த்து, “உள்ள வா. ஏன் அங்கனயே நிக்கிற?” என்றார்.

வாசலில் யாரும் இல்லை. “யாரு மாமா?” என்று கேட்டேன்.

“உங்க அத்தைதான் மாப்ளே. வரச்சொல்லுங்க.”

அத்தை, அதாவது என் மாமியார், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வாசல் வழியாகக் குளிர் காற்று வந்து மனிதரைக் குழப்புகிறது என்று நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். வந்தது நிஜமாகவே என் மாமியார் என்றால், அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திய பெருமை எனக்கு உண்டு. அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

இதற்கு நடுவில் மாமனார் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துத் தேய்த்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தார். கம்பளியையும் தள்ளினார். “கனக்குது மாப்ளே. எடுங்க.” குளிருகிறவன் கம்பளியைத் தள்ளுவானா என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ‘சின்னப்பிள்ளை மாதிரி அடம்’ என்று மறுபடி போர்த்திவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால்தான் போன் கிடைக்கும். தினமும் அங்கே நின்று மனைவிக்கு அறிக்கை வாசித்தேன்.

“எப்படியிருக்காரு?”

“நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் குளிரு, அம்புட்டுத்தான்.”

“சாப்பிட்டாரா?”

“நமக்கே இங்க பசிக்க மாட்டேங்குது.”

“நான் வரவா?”

“நீ எதுக்கு? பிள்ளையப் பாரு. ரொம்பக் குளிருச்சுன்னா நானே கீழ கொண்டாந்துருறேன்.”

மூன்றாம் நாள் காலை சாக்ஸைக் கழற்றிப் பார்த்தபோது குளிர்ச்சி முழங்காலுக்குக் கீழ் பாதிவரை வந்திருந்தது. உள்ளங்காலிலும் முட்டியிலும் ஊதா நிறத்தில் வலை பின்னியதுபோலத் திட்டுத்திட்டாக இருந்தது. நான் ஏலக்காய் வாங்கி விற்கிறவன். கைப்பிடி காயை அள்ளிப் பார்த்தால், எந்த ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கொட்டகையில், சூடு குறைந்தது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆகவே மாமனாரின் கால் நிறத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டேன்: சூடு பத்தவில்லை. மூன்றாவது ஜோடி சாக்ஸ் ஏறியது. காலி பிராந்தி பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துணி சுற்றிக் காலடியில் வைத்தேன். குரங்குக் குல்லாவும் போட்டேன். மனிதர் இமயமலைக்குக் கிளம்பியவர்போல் கிடந்தார்.

பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் அன்று கடைசி எடுப்புக் காய் உலர்ந்துகொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் விறகு எரிந்து உள்ளே சூடு அனலாக அடித்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உள்ளே வைத்தால் என்ன என்று, போடியிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப் டிரைவரிடம் கேட்டேன். அவன் எனக்குத் தம்பி முறை.

அவன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். “அண்ணே, பச்சைக்காய உள்ள வச்சா காஞ்ச காயா வெளிய எடுப்போம். பெரியவர வச்சா எப்படி எடுக்குறதா உத்தேசம்?”

ஸ்டோர் யோசனையைக் கைவிட்டேன். “அப்பக் கீழ கொண்டு போயிருவோம். பின் சீட்டக் கழட்டு.”

சீட்டைக் கழற்றி மெத்தை விரித்தான். இரண்டு பேரும் மாமனாரைத் தூக்கக் கட்டில் பக்கம் குனிந்த நேரத்தில்தான் தோளில் பையோடு சிஸ்டர் மேடேறி வந்தார். சின்ன உருவம். மூச்சு வாங்காமல் மலையேறுகிறவர். கதவோரம் நின்று, மெத்தை விரித்த ஜீப்பையும், குல்லா போட்ட மாமனாரையும், இடுப்பில் துண்டு கட்டிய என்னையும் வரிசையாகப் பார்த்தார்.

“எங்க யாத்ரை?” என்றார்.

“போடிக்கு சிஸ்டர். குளிரு தாங்கல. கால் ஐஸா இருக்கு.”

அவர் உள்ளே போனார். நாடி பார்த்தார், வாயைத் துடைத்தார், குல்லாவைக் கழற்றினார், சாக்ஸை ஒவ்வொன்றாக உருவினார். மூன்றாவது ஜோடி வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். பாட்டிலைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று எடுத்து வெளியே வைத்தார்.

“இது வேணாம் சேட்டா. அச்சனுக்கு இப்ப சூடு தெரியாது. தோல் வெந்துபோகும்.” பிறகு என் காலைப் பார்த்தார். “உங்க சாக்ஸ் எங்க?”

நான் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். “நான் போடல.”

“கால் தொட்டுப் பாருங்க.”

குனிந்து தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

“ஒரே வீடு. ஒரே குளிர். உங்க கால் சூடு, அச்சன் கால் தணுப்பு. அப்ப இது வெளியிலேருந்து வந்த குளிர் இல்ல, கேட்டோ.”

“எனக்குக் கொழுப்பு அதிகம் சிஸ்டர்.”

“அது இருக்கு,” என்றார்.

டிரைவர் வெளியே போய்ச் சிரித்தான்.

சிஸ்டர் என் கையைப் பிடித்து மாமனாரின் நெஞ்சில் வைத்தார். சூடாக இருந்தது. தொடைக்குக் கொண்டுபோனார், கொஞ்சம் சூடு. முட்டிக்குக் கீழே இறக்கினார். கையை எடுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

“நேத்து எதுவரைக்கும்?”

“கணுக்கால்.”

“அதுக்கு முந்தின நாள்?”

“விரல்.”

சர்வேயர் கணக்காக மூன்று நாளும் சரியாக அளந்து வைத்திருக்கிறேன். எதை அளந்தேன் என்றுதான் தெரியாமல் போயிற்று.

“தோட்டத்துல இந்த மாசம் குளத்துத் தண்ணி கொறைஞ்சா, ஓஸ் புடிச்சு எந்தச் செடிய நனைப்பீங்க?” என்று கேட்டார்.

“கிட்ட இருக்கிறத. மேட்டுல இருக்கிறத விட்டுருவோம்.”

“அதென்ன அப்படி?”

“இருக்கிற தண்ணி அதுக்குத்தான காணும்.”

“இந்த நெஞ்சும் அதுதான் செய்யுது. உள்ள ரத்தம் கொஞ்சம். அத நெஞ்சுக்கும் தலைக்கும் வச்சுக்கிட்டு, தூரத்துல இருக்கிற கால விடுது. அதான் தணுப்பு. அதான் ஊதா. அச்சனுக்குக் குளிரல. பாருங்க, கம்பளி தள்ளுறாங்க இல்ல?”

ஏலத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்தில் பெண் எடுத்தவனுக்கு இது புரியாமல் போக வழியே இல்லை. புரியாமல் இருக்க என்னால் ஆனதைச் செய்தேன். கஞ்சி குடிக்காதது தண்ணீர்க் கோளாறுதானே என்றேன். உடம்புக்கு இனி சோறு வேண்டாம், சாப்பிடாததால் போகவில்லை, போகப்போவதால் சாப்பிடவில்லை என்றார். தூக்கம்? அதுவும் அதேதான். வாசலில் மாமியார் வந்தது? நிறையப் பேர் அப்படிப் பேசுவார்கள், பயந்தால் தைரியம் சொல்லுங்கள், பயப்படவில்லை என்றால் கூடச் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள், சண்டை போடாதீர்கள் என்றார். கதவைச் சாத்திய விஷயத்தை நான் சொல்லவில்லை.

“இனி மூச்சு மாறும்,” என்றார். “வரும், நிக்கும். போச்சுன்னு நெனைப்பீங்க. திரும்ப வரும். தொண்டையில களகளன்னு சத்தம் கேக்கலாம். முழுங்காத எச்சில், வேறொண்ணும் இல்ல. அச்சனுக்கு அதுல கஷ்டம் இல்ல, கேக்குற நமக்குத்தான் கஷ்டம். ஒருக்களிச்சுக் கெடத்துங்க. பால் ஊத்தணும்னு ஆளுக வருவாங்க. ஊத்தாதீங்க. முழுங்க முடியாத ஆளுக்கு அது நெஞ்சுக்குள்ள போயிரும், தெணறும். பஞ்சு நனைச்சு உதட்டுல தொட்டா போதும். காது கேக்கும்னு நெனைச்சுப் பேசுங்க.”

“எத்தன நாளு சிஸ்டர்?”

“நாளா, மணிக்கூரா, எனக்கறியாது. அச்சனோட மோளு எங்க?”

“போடியில.”

“மோளுக்கு என்ன சொல்லியிருக்கீங்க?”

“நல்லாத்தான் இருக்காருன்னு...”

ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் சொன்னது என் காதில் ஒலித்தது. நான் மூன்று நாளாகப் பாறைமேல் நின்று அவளுக்கு வாசித்தது, அவள் எதைச் சொல்லாதே என்றாளோ அதே வார்த்தை.

சிஸ்டர் ஜீப்பைக் காட்டினார். “இது கீழ போகட்டும். அச்சன் வேணாம். இந்த வளைவுல எல்லாம் அச்சனைக் குலுக்கிக் கொண்டுபோனா வழியிலயே தீரும். மோளைக் கூட்டிட்டு வரட்டும்.” என் முகத்தைப் பார்த்து, “பேடிக்கண்டா,” என்றார். பயப்படாதே என்று அர்த்தம். எனக்கு அந்த அளவு மலையாளம் தெரியும். அது தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

பாறையில் ஏறினேன். மணி பதினொன்று இருக்கும்.

“என்னங்க?” என்றாள் மனைவி.

என் வாய் அதன் பழக்கத்துக்கு ஓடியது. “ஒண்ணுமில்ல, உங்கப்பா கால் ரெண்டும் ஸ்ட்ரைக் பண்ணுது...”

“வெளையாடாதீங்க,” என்றாள் மெதுவாக.

வேடிக்கையாகச் சொல்ல எனக்கு எத்தனையோ வழி தெரியும். உள்ளபடி சொல்ல ஒரு வழியும் பழகியிருக்கவில்லை. சிஸ்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

“உங்கப்பா போகப்போறாரு. கால்லருந்து குளிர்ந்துக்கிட்டே வருது. ரத்தம் நெஞ்சோட நின்னுக்கிருதாம். குளிரு இல்ல. நான்தான் மூணு நாளா குளிருன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஜீப்பு வருது. வெரசா கெளம்பி வா.”

“மூணு நாளாவா?” என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பிள்ளைய எதுத்த வீட்டு அக்காட்ட விட்டுட்டு வர்றேன். நீங்க அப்பாட்டப் போய் உக்காருங்க. போன வைங்க.”

ஜீப் மெத்தையோடேயே கீழே போனது. எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சிஸ்டர் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். நானும் மாமனாரும் மிஞ்சினோம்.

சிஸ்டர் சொன்னபடியே மூச்சு நின்றது. நிற்கும் என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் நின்றபோது அவர் சொன்னது எதுவும் மண்டையில் இல்லை. எழுந்து ஓடினேன், பாறையில் ஏறினேன், நம்பரைப் போட்டேன்.

“சிஸ்டர், நின்னுருச்சு!”

“சேட்டன் எங்க இருக்கீங்க?”

“பாறை மேல.”

“அச்சன்?”

“உள்ள.”

“பின்ன நின்னுருச்சுன்னு அங்கருந்து எப்படித் தெரியுது? உள்ள போங்க.”

உள்ளே போனேன். மாமனார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இரைத்தது. இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து என்று வெளியாள் யாராவது பார்த்திருந்தால் என்னைத்தான் காட்டியிருப்பார்கள்.

அதன் பிறகு நகரவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டேன். பேசச் சொன்னாரே, என்ன பேசுவது? கல்யாண வீடு, துஷ்டி வீடு, பஸ் ஸ்டாண்டு என்று எந்த இடத்திலும் எனக்குப் பேச்சு பஞ்சமானதில்லை. மாமனாரின் காதுக்கு முன்னால் ஒரு சொல் வரவில்லை. கடைசியில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றியது.

“மாமா, உங்க மக வந்துக்கிட்டிருக்கா,” என்றேன். “இந்நேரம் முந்தல் தாண்டியிருப்பா.”

முந்தலில்தான் மலை ஆரம்பம். அங்கிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. கீழேயிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன். “ரெண்டாவது வளைவு மாமா. லாரி ஒண்ணு எதுக்க வருது, தம்பி ஒதுங்கி நிக்கிறான்.” “அஞ்சாவது வளைவு. குரங்கு உக்காந்திருக்கு, உங்க மக முறுக்கு போடுறா.” மூச்சு நின்றால் நானும் வளைவில் ஜீப்பை நிறுத்தினேன். மூச்சு வந்ததும் கியர் போட்டேன். பதினோராவது வளைவில் ஜன்னல் வழியாகப் போடி முழுக்கத் தெரிகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஜீப் நிஜத்தில் போடி பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுக்கொண்டு நின்றது என்பதை மனைவி பிறகு சொன்னாள்.

பதினேழு வளைவும் தீர்ந்துவிட்டது. ஜீப்பைக் காணோம். வேறு வழியில்லாமல் செக்போஸ்டில் நிறுத்தினேன். அப்பாவைப் பார்க்கத் துடித்துக்கொண்டு வருகிறவளை அங்கே டீக்கடையில் டீ குடிக்க வைத்தேன். பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்தபோது டயரைப் பஞ்சராக்கினேன். “இருங்க மாமா, ஸ்டெப்னி மாத்துறான். வந்துருவா. இருங்க.”

அந்த ‘இருங்க’வை மட்டும் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மேல் நிஜ ஜீப்பின் சத்தம் கேட்டது. மனைவி செருப்பைக்கூட வாசலில் விடாமல் உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, “அப்பா, நான் வந்துட்டேன்ப்பா,” என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி மட்டும் லேசாகச் சுருங்கி விரிந்தது. எனக்கு அப்படித் தெரிந்தது.

காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கம்பளியைத் தேடினாள். நான் அவள் கையைப் பிடித்து அவர் நெஞ்சில் வைத்தேன், பிறகு முட்டிக்குக் கீழே. குளத்துத் தண்ணீரைச் சொன்னேன். மூச்சு நிற்கும், வரும் என்றேன். சொல்லும்போதே நின்றது. அவள் என் சட்டையைப் பிடித்தாள். “வரும்,” என்றேன். வந்தது.

“பால் ஊத்தலாமா?”

“வேணாம். நெஞ்சுக்குள்ள போயிரும். இந்தா, பஞ்சு.”

உதட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், “இதெல்லாம் எப்ப படிச்சீங்க?”

“இன்னைக்குக் காலைலதான்.”

ஓரமாக நாற்காலியில் கிடந்த மூன்று ஜோடி சாக்ஸையும் குரங்குக் குல்லாவையும் பார்த்தாள். அப்பாவிடம் பேச ஆரம்பித்தாள். தாழ்ந்த குரலில், பள்ளிக்கூட நாளிலிருந்து என்னென்னவோ. நான் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு என் மாமனார் இறந்தார். மகள் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். நான் அடுப்படியில் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில்.